வீட்டுத் தோட்டத்தில் பலா: கொட்டை ஊன்றுவது முதல் காம்பு வெட்டுவது வரை

பலா வைக்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் மனையில் ஒரு நல்ல மழை பெய்தால் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும்?" இடம் எவ்வளவு, எந்த ரகம், எத்தனை வருடத்தில் காய்க்கும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நாங்கள் மதுராந்தகம் பக்கம் ஆறு சென்ட் மனையில் வீடு கட்டிக் குடிவந்த வருடமே ஒரு பலாக்கன்று வைத்தேன். களிமண் பூமி. மூன்றடிக் குழி எடுத்து, செம்மண்ணும் எருவும் கொட்டி, ஆடியில் நட்டேன். புரட்டாசி வரைக்கும் தளதளவென்று வந்தது. ஐப்பசி அடைமழையில் அந்தக் குழி தொட்டியாகிவிட்டது. சுற்றிலும் இறுகிய களி, உள்ளே மட்டும் இளகிய மண். பெய்த தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் நின்றது. ஒரு வாரத்தில் இலைகள் தொங்கின. பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்துப்போய், விரலால் இழுத்தால் தோல் தனியாக உரிந்து வந்தது. பண்ருட்டியில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். "தண்ணி நின்ன எடத்துல பலா நிக்காதுப்பா. மேட்டுல வை" என்றார். இரண்டாவது கன்றை மேட்டில்தான் வைத்தேன். இன்று வருடா வருடம் காய்க்கிறது.

இந்தக் கட்டுரை முதன்முதலாகப் பலா வைக்கிறவர்களுக்காக. மரம் வளர்த்துப் பழகியவர்களுக்குப் பாதி விஷயம் தெரிந்ததாகவே இருக்கும்.

சின்ன மனைக்குப் பலா எப்படிப் பொருந்தும்?

பண்ருட்டிப் பக்கத்துத் தோப்புகளில் நிற்கும் பெரிய மரங்களைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஆனால் பலாவுக்கு ஒரு குணம் உண்டு. மாமரம் கிளை நுனியில் பூக்கும். நுனியை வெட்டினால் அந்த வருடக் காய் போயிற்று. பலா அப்படியல்ல. அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும்தான் காய்க்கும். வயதான மரங்களில் தரையை ஒட்டி வேரிலேயே பழுப்பதும் உண்டு. ஆகவே உச்சியை வெட்டி மரத்தைப் பன்னிரண்டு, பதினைந்து அடிக்குள் நிறுத்திவைத்தாலும் காய் குறைந்துபோகாது. ஏணி இல்லாமல், நின்ற இடத்திலிருந்தே பறிக்கலாம்.

உயரத்தை அடக்குவதில் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு அத்தை ஊரைப் போய்ப் பார்த்திருக்கிறேன். தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பலாவும் முந்திரியும் போன தோப்புகளில் வெயில் நேராகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. தோப்பில் சாய்ந்தால் மரம் மட்டும் போகும். வீட்டுப் பக்கத்தில் சாய்ந்தால் கூரையும் போகும்.

இடம் பார்ப்பது

மனையில் மேடான மூலையைப் பாருங்கள். அங்கே இரண்டடி ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி எடுத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். அது வற்றியதும் மறுபடி ஒரு முறை ஊற்றிவிட்டு விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் குழி காய்ந்திருந்தால் பலா வைக்கலாம். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அங்கே மேடு கட்டித்தான் வைக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு ராத்திரிதான் ஆகும். முதல் முறை இதைச் செய்திருந்தால் என் முதல் கன்று பிழைத்திருக்கும்.

பலாவுக்குப் பிடித்தது செம்மண், செம்மண் கலந்த மணல், மலையடிவாரத்துச் சரளை மண். பண்ருட்டிச் செம்மண்ணில் அது அப்படி வருவதற்கு வடிகால்தான் முக்கியக் காரணம். கடலோரத்தில் இருப்பவர்கள் போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் யோசித்துச் செய்யுங்கள். உப்புத் தண்ணீரில் இலை ஓரம் கருகும், வளர்ச்சி நின்றுவிடும்.

தோப்பாக வைப்பவர்களுக்கு மரத்துக்கு மரம் 8 மீட்டர், அதாவது சுமார் 26 அடி இடைவெளி சொல்வார்கள். வீட்டில் ஒரே மரம், அதையும் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டி, அடக்கி வைப்போம் என்றால் சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி வைத்தால் சமாளிக்கலாம். கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டு சுவர் ஆகியவற்றை ஒட்டி வேண்டாம். காரோ வண்டியோ நிறுத்தும் இடத்துக்கு மேல் கிளை வருகிற மாதிரியும் வைக்காதீர்கள். பத்து, பதினைந்து கிலோ பழம் அறுந்து விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்க வெயில் படும் இடம் நல்லது. நிழலில் வைத்தால் இலை மட்டும் வரும், காய் வராது.

தொட்டியில் வளர்க்கலாமா என்று மாடி வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். ஆணிவேர் நேராகக் கீழே இறங்க வேண்டிய மரம் அது. அந்த இடத்தில் ஒரு எலுமிச்சை வைத்தால் மகிழ்ச்சியாகக் காய்க்கும்.

கொட்டையா, ஒட்டா?

இரண்டுமே வரும். ஆனால் வித்தியாசம் தெரிந்து தேர்ந்தெடுங்கள். ஒட்டு என்பது கொட்டையிலிருந்து வந்த நாட்டுக் கன்றின் மேல் நல்ல மரத்தின் குச்சியை ஒட்டவைத்து வளர்த்தது.

கொட்டையிலிருந்து வரும் மரம் காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். அதைவிட முக்கியம், தாய் மரத்தின் ருசி அப்படியே வரும் என்று உறுதி கிடையாது. பலா அயல் மகரந்தச் சேர்க்கையில், அதாவது பெரும்பாலும் வேறு மரத்தின் மகரந்தம் சேர்ந்து காய்ப்பது. தேனாக இனித்த வருக்கைப் பலாவின் கொட்டையை ஊன்றினால் கூழைப் பலா வந்து நிற்கலாம். வருக்கை என்பது சுளை கெட்டியாக, கடித்தால் மொறுமொறுவென்று இருப்பது. கூழை என்பது கையில் எடுத்தாலே வழுக்குகிற, நார் கலந்த, குழைந்த சுளை. எட்டு வருடம் காத்திருந்து அது கூழை என்று தெரிந்தால் மனசு கஷ்டப்படும். கூழை வீண் என்று சொல்லவில்லை. வெல்லம் போட்டுக் கிளறினால் அதன் ருசியே தனி. ஆனால் வீட்டில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் ஒட்டுக்கன்றுதான் என் கட்சி. நான்கைந்து வருடத்தில் காய்க்கும். எந்த மரத்திலிருந்து ஒட்டுக் குச்சி எடுத்தார்களோ அதே சுளை கிடைக்கும்.

ரகம் என்று பார்த்தால், பண்ருட்டி அருகே பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 நம்பி வைக்கலாம். பணிக்கன்குப்பம் ஊரின் நாட்டு மரத்திலிருந்து தேர்ந்தெடுத்தது அது. அதே நிலையத்தின் பாலூர் 2, கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை நிலையத்தின் பேச்சிப்பாறை 1 ஆகியவையும் உண்டு. சிங்கப்பூர் பலா என்று நர்சரிகளில் சொல்வது உண்மையில் இலங்கையிலிருந்து வந்தது. சிலோன் பலா என்றும் சொல்வார்கள். கொட்டையிலிருந்தே சீக்கிரம் காய்க்கும் என்பது அதன் சிறப்பு. கறிப்பலா, ஈரப்பலா என்ற பெயரில் கன்று கொடுத்தால் அது வேறு மரம், சமையலுக்கானது. பெயரில் பலா இருப்பதைப் பார்த்து வாங்கிவிட வேண்டாம்.

நர்சரியில் கன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒட்டுக்கன்று என்றால் தண்டில், மண்ணுக்குச் சற்று மேலே, ஒட்டுப் போட்ட தழும்பு இருக்க வேண்டும். தழும்புக்கு மேலும் கீழும் பட்டையின் நிறமோ பருமனோ கொஞ்சம் மாறியிருக்கும். தழும்பே இல்லாத கன்றை ஒட்டு என்று விலை சொன்னால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எனக்கே ஒரு நர்சரியில் அப்படி நடந்தது. அடுத்து, பையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரையில் இறங்கியிருந்தால், அல்லது உள்ளேயே சுருண்டு சுற்றியிருந்தால், அந்தக் கன்று வேண்டாம். நான்கடி உயரத்தில் கம்பீரமாக நிற்பதைவிட, சின்னப் பையில் ஒன்றரை அடி உயரத்தில் புதுத் துளிர் விட்டுக்கொண்டிருப்பது நல்ல கன்று.

கொட்டை ஊன்றுவதானால்

பழம் அறுத்த அன்றே கொட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெல், உளுந்து மாதிரி காயவைத்துச் சேமிக்கிற விதை இல்லை இது. காய்ந்தால் செத்துப்போகும். ஒரு மாதம் தாண்டினால் முளைப்பது சந்தேகம். பெரிய, குண்டான கொட்டைகளாக ஐந்தாறு பொறுக்கி, வழவழப்புப் போகக் கழுவி, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து ஊன்றுங்கள். ஒன்றரை அங்குல ஆழம் போதும். படுக்கைவசமாக வையுங்கள். மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் முளைக்கும்.

முடிந்தால் மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே நேராக ஊன்றிவிடுங்கள். ஆணிவேரை யாரும் தொடாமல் இறங்கினால் அந்த மரம் காற்றுக்கு அசையாது. நான்கைந்து முளைத்தால் ஒரு வருடம் விட்டுப் பார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடலாம். பிடுங்க வேண்டாம், வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் அறுந்துபோகும். பையில்தான் வளர்க்க முடியும் என்றால், நாலு இலை வந்ததுமே நிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

குழியும் மேடும்

நடுவதற்கு ஆனி முதல் மார்கழி வரை நல்ல காலம். வடிகால் சுமாராக உள்ள இடமென்றால் ஆனி, ஆடியிலேயே நட்டுவிடுங்கள். பெருமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.

வடிகால் உள்ள மண்ணில் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். தோண்டும்போது மேல் ஒரு அடி மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள், அதுதான் சத்துள்ள மண். குழியை இரண்டு வாரம் வெயிலில் ஆறப்போடுங்கள். அப்புறம் மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் பத்துக் கிலோவும், வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோவும் கலந்து நிரப்புங்கள். எரு மக்கியதா என்று கையில் எடுத்து மோந்து பாருங்கள். சாண வாடை இருந்தால் மக்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சூடும் அதோடு வரும் கரையானும் கன்றைக் கொன்றுவிடும்.

களிமண் என்றால் ஆழக்குழி எடுக்கவே வேண்டாம். நான் இரண்டாம் முறை செய்தது இதுதான். தரையை ஒரு அடி மட்டும் கொத்திக் கிளறிவிட்டு, அதன் மேல் செம்மண், ஆற்று மணல், எரு கலந்து இரண்டடி உயரத்துக்கு மேடு கட்டினேன். மேட்டின் அகலம் ஆறடி. பக்கங்கள் சரிவாக இருக்க வேண்டும், கிண்ணம் கவிழ்த்த மாதிரி. மழைத் தண்ணீர் வழிந்தோட மேட்டைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் தெருப்பக்கம் இறக்கிவிட்டேன். மேட்டுக்கு மட்டும் ஒரு மாட்டுவண்டி மண் போலத் தேவைப்பட்டது. செலவுதான், ஆனால் அடுத்த ஐப்பசியில் கன்று அசையவில்லை.

நடும் அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு ஆரம்பியுங்கள். காலையிலேயே பைக்குத் தண்ணீர் விட்டு வைத்தால் மண்கட்டி உடையாது. பையை பிளேடால் பக்கவாட்டில் கிழித்து, மண்கட்டியை இரண்டு கையாலும் தாங்கி இறக்குங்கள். தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு நான்கு விரற்கடையாவது மேலே இருக்க வேண்டும். அது புதைந்தால் அழுகும். ஒட்டின் மேல் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தால், ஒட்டு நன்றாகப் பிடித்திருப்பதைப் பார்த்து அதை அவிழ்த்துவிடுங்கள். மறந்துபோய் விட்டால் தண்டு பருக்கும்போது நாடா உள்ளே அறுத்துக்கொண்டு போகும். ஒரு கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது.

முதல் மூன்று வருடம்

முதல் எதிரி பூச்சி இல்லை, ஆடு. பலா இலை என்றால் ஆட்டுக்கு உயிர். தெருவில் ஆடு மேயும் ஊராக இருந்தால் கன்று நட்ட அன்றே முள்வேலியோ கம்பிவலையோ போட்டுவிடுங்கள். நாளைக்குப் போடலாம் என்று விட்டால் காலையில் குச்சிதான் நிற்கும்.

தண்ணீர்: முதல் பத்து நாள் தினமும் கொஞ்சம். அப்புறம் மழை இல்லாத நாட்களில் வாரம் இரண்டு முறை, கோடையில் கூடக் கொஞ்சம். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். தண்டின் மேல் படாமல், இரண்டடி தள்ளி வட்டப் பாத்தி கட்டி அதில் விடுங்கள். மரம் வளர வளர வட்டத்தையும் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் வேர் கிளை நுனிக்கு நேர் கீழேதான் இருக்கும், அடிமரத்தில் இல்லை. முதல் கோடையில் மேற்குப் பக்கம் இரண்டு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தால் வெயில் தாங்கும். காய்ந்த சருகை மூடாக்காகப் போடுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் பார்த்த உடனே கிள்ளிவிடுங்கள். அது நாட்டுச் செடியின் துளிர். விட்டால் அது மேலே போய், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒட்டு காய்ந்துபோகும். மூன்று வருடம் கழித்து "ஏன் இலை வேறு மாதிரி இருக்கிறது" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறியிருப்பார்கள்.

உரத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையை வைத்துக்கொள்ளலாம். முதல் வருடம் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 150 கிராம், மணிச்சத்து 80 கிராம், சாம்பல் சத்து 100 கிராம். கடையில் வாங்குகிற கணக்கில் யூரியா 325 கிராம், சூப்பர் பாஸ்பேட் அரைக் கிலோ, பொட்டாஷ் 165 கிராம் அளவில் வரும். இதை இரண்டாகப் பிரித்து வைகாசி-ஆனியில் ஒரு பாதி, புரட்டாசியில் ஒரு பாதி. இதே அளவை வருடா வருடம் கூட்டிக்கொண்டே போய், காய்க்கிற மரத்துக்கு எரு 50 கிலோவில் நிறுத்திக்கொள்ளலாம். நான் ரசாயன உரம் போடுவதில்லை. எருவோடு வேப்பம் புண்ணாக்கும் அடுப்புச் சாம்பலும்தான். என் மரம் கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவே. எதைப் போட்டாலும் வட்டப் பாத்தியில் போட்டு, லேசாகக் கிளறி, தண்ணீர் விட வேண்டும். ஆழமாகக் கொத்த வேண்டாம்.

உச்சி வெட்டுவது

கன்று எட்டடி தாண்டும்போது மனசைக் கல்லாக்கிக்கொண்டு உச்சியை வெட்டுங்கள். ஆறேழு அடி உயரத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே. அப்புறம் பக்கக் கிளைகள் வரும். அவற்றில் வெவ்வேறு திசை பார்த்த நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். இரண்டடி உயரத்துக்குக் கீழே வரும் கிளைகளும் வேண்டாம்.

பலாவை வெட்டினால் பால் கொட்டும். ரம்பத்தில் முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது. வெட்டிய வாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தைத் தண்ணீரில் குழம்பு மாதிரிக் கரைத்துப் பூசுங்கள். அப்படியே விட்டால் மழைத் தண்ணீர் இறங்கிக் கிளை அழுகும். மழை நாளில் வெட்டவே வேண்டாம்.

பூவும் பிஞ்சும்

புதிதாகப் பலா வளர்ப்பவர்கள் அதிகம் பயப்படுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கார்த்திகை, மார்கழியில் மரத்தில் விரல் நீளத்துக்குப் பச்சையாக ஏதோ முளைக்கும். "பிஞ்சு வந்துவிட்டது" என்று வீடே கூடிப் பார்க்கும். இரண்டு மூன்று வாரத்தில் அத்தனையும் மஞ்சளாகி, கறுத்து, பூஞ்சை பிடித்துக் கீழே கொட்டும். மரத்துக்கு நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். அது நோயே இல்லை. கொட்டியது ஆண் பூ. பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். ஆண் பூ மகரந்தம் கொடுத்துவிட்டு உதிர்ந்தே தீரும். இளம் மரத்தில் முதல் ஒன்றிரண்டு பருவம் ஆண் பூ மட்டும் வருவதும் சகஜம்.

அடையாளம் காண்பது எளிது. கிட்டப் போய்ப் பாருங்கள். ஆண் பூக்கதிர் இளங்கிளைகளின் நுனிப்பக்கம் அதிகம் வரும். காம்பு மெல்லியது, ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் தடிப்பு. மேல்பாகம் வழவழப்பாக இருக்கும். சில நாளில் மஞ்சள் தூள் படிந்து, தொட்டால் விரலில் ஒட்டும். பெண் பூக்கதிர் அடிமரத்திலும் தடித்த கிளையிலும் வரும். காம்பு பேனா பருமன். காம்பு கதிரோடு சேரும் இடத்தில் பச்சையாக ஒரு வளையம், மோதிரம் போட்ட மாதிரி தெரியும். மேல்பாகம் வழவழப்பாக இல்லாமல் சொரசொரவென்று, சின்னச் சின்ன மயிர் நீட்டியது போல இருக்கும். அந்த மயிர் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூவின் சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கும் நுனி. மகரந்தம் பட்ட ஒவ்வொரு பூவும் ஒரு சுளை ஆகும். படாத பூக்கள்தான் சுளைகளுக்கு நடுவே சடை சடையாகக் கிடக்கும் நார். பழத்தை வெட்டும்போது சுளை குறைவாகவும் சடை அதிகமாகவும் இருந்தால், அந்த வருடம் மகரந்தம் சரியாகச் சேரவில்லை என்று புரிந்துகொள்ளலாம். அதனால்தான் சொல்கிறேன், ஆண் பூக்களைப் பச்சையாக இருக்கும்போது சுத்தம் செய்கிறேன் என்று பறித்துப் போடாதீர்கள். கறுத்து விழுந்த பிறகு கூட்டி அள்ளிவிடுங்கள். மரத்தடியிலேயே கிடந்தால் அந்தப் பூஞ்சை உண்மையான பிஞ்சுக்கும் தாவும்.

பெண் பிஞ்சும் கறுத்து மெத்தென்று ஆனால் அது அழுகல் நோய். கறுத்ததை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்கலாம். மரத்துக்குள் காற்றும் வெளிச்சமும் வருகிற மாதிரி கிளை கழித்து வைத்திருந்தால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.

முதன்முதலில் காய்க்கிற வருடம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு காய்க்கு மேல் விடாதீர்கள். ஆசையில் ஏழெட்டு விட்டால் கிளை கிழியும், அடுத்த வருடம் மரம் சோர்ந்துவிடும். அப்புறமும் ஒரே கொத்தில் மூன்று நான்கு வந்தால், நேராக உருண்டு வருகிற ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். எடுத்த பிஞ்சு வீணாகாது. பலாமூசு பொரியல் என்று தஞ்சாவூர்ப் பக்கமும், இடிச்சக்கைத் துவரன் என்று நாகர்கோவில் பக்கமும் சமைப்பார்கள். தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டால் கறிச்சுவை வந்துவிடும்.

காய் பருக்கிற தை முதல் வைகாசி வரை தண்ணீர் சீராகப் போக வேண்டும். ஒரு மாதம் காயப்போட்டுவிட்டுத் திடீரென்று நிறைய விட்டால் காய் வெடிக்கும்.

பூச்சிகள்

இரண்டு பூச்சிகளைத்தான் வீட்டு மரத்தில் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று தண்டையும் காயையும் துளைக்கும் புழு. காயின் மேல் சின்ன ஓட்டையும், அதன் வாயில் மரத்தூள் மாதிரி பழுப்பாகப் புழுக்கையும் தெரியும். துளைத்த துளிரைக் கிள்ளி எரித்துவிடுங்கள். காய் தேங்காய் அளவு வந்ததும் பழைய வலைப்பையோ காற்றோட்டமான சாக்கோ போட்டுக் கட்டிவிட்டால் புழுவும் வராது, அணிலும் வராது.

இன்னொன்று மாவுப்பூச்சி. எறும்பு வரிசையாக மரம் ஏறினால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். எறும்புதான் அதைக் காவல் காத்து, இடம் விட்டு இடம் கொண்டுபோகும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள். முதலில் இரண்டு மூன்று இலையில் மட்டும் தெளித்து, ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

பறிப்பது

பிஞ்சு பிடித்ததிலிருந்து நான்கைந்து மாதம் ஆகும். பங்குனியிலிருந்து ஆடி வரை பருவம். பழுக்கும் வரை மரத்தில் விட வேண்டாம். விளைந்ததும் பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள். விளைந்ததா என்று எப்படித் தெரியும்? விரல் முட்டியால் தட்டுங்கள். விளையாத காய் "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்கும். விளைந்தது "தொப் தொப்" என்று அடங்கிய சத்தம் தரும். பக்கத்தில் ஒரு இளங்காயையும் தட்டிப் பார்த்தால் வித்தியாசம் காதுக்குப் பிடிபடும். முள் நெருக்கமாகவும் கூராகவும் இருந்தது அகன்று தட்டையாகும். காம்பை ஒட்டிய இலை மஞ்சளாகும். லேசாகக் கீறினால் கெட்டியாக வந்த பால் நீர்த்து வரும். இவற்றில் இரண்டு மூன்று அடையாளம் சேர்ந்து தெரிந்தால் பறிக்கலாம்.

கனமான காயென்றால் கீழே ஒருவர் சாக்கை விரித்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காம்பில் மூன்று அங்குலம் விட்டு அறுக்க வேண்டும். கீழே விழுந்த காய் பழுக்காமல் உள்ளுக்குள் அழுகும். காம்பு கீழே இருக்கும்படி சாய்த்து வைத்துப் பாலை வடியவிட்டு, நிழலில் சாக்கு மூடி வைத்தால் மூன்றிலிருந்து ஏழு நாளில் வாசனை வீட்டுக்கு வெளியே போகும். அறுக்கும்போது கத்தியிலும் கையிலும் எண்ணெய், கீழே பழைய செய்தித்தாள். கையில் பால் ஒட்டிவிட்டால் சோப்பை விடுங்கள், எண்ணெய் தேய்த்தால்தான் போகும்.

கொட்டையைக் கழுவி ஈரம் உலர்த்தி, மணலில் புதைத்து வைத்தால் சாம்பாருக்கும் கூட்டுக்கும் ஒரு மாதமாவது வரும்.

கடைசிப் பழம் பறித்த பிறகு

ஆடி, ஆவணியில் கடைசிக் காயும் போனதும் மரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். காய் தொங்கிய பழைய காம்புகள் அடிமரத்தில் காய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மரத்தை ஒட்டி, பட்டை கிழியாமல் வெட்டிவிடுங்கள். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, பதினைந்து அடிக்கு மேல் போன நுனி, இவற்றையும் அதே நாளில் கழித்துவிட்டு வெட்டுவாயில் மருந்து பூசி, வட்டப் பாத்தியில் எருவைப் போட்டுவிடுங்கள். கார்த்திகை பிறந்ததும் காம்பு வெட்டிய அந்தத் தழும்புகளைச் சுற்றியே முதலில் பாருங்கள். புதுப் பூ பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டும்.